ஏற்றத்தில் நிற்காத வண்டி

என் அன்பு மச்சான் சோமுவுக்கு,

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து எழுதுகிறேன். நீ பூட்டிவிட்டுப் போன அதே வீடு. கூரையில் சில தகரங்களை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மழை பெய்தால் அடுப்பை நகர்த்த வேண்டும். மற்றபடி நிற்கிறது. முன்வாசல் சிமெண்டில் நீ வண்டியைச் சாய்த்து வைக்கும் இடத்தில் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது. கமலம் வாசலைக் கழுவும்போது அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு கழுவுகிறாள்.

நீ போனபோது ஒரு செய்தி உனக்குத் தெரியாமல் போய்விட்டது. நாம் கொண்டுபோன மாத்திரை போய்ச் சேர்ந்ததா? பிள்ளை பிழைத்தாளா? அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். செய்தியின் முடிவைத் தலைப்பிலேயே போட்டுவிடுகிற தொழில் என்னுடையது. இந்த ஒரு முறை வரிசையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். என் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறவர்களில் பலர் உன்னைக் கண்டதில்லை.

பார்த்ததைப் பார்த்தது என்றும் கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்து எழுதுவேன். ஜப்பான்காரன் இருந்தவரை அந்தப் பழக்கத்தை விட வேண்டியிருந்தது. கொடுத்ததைப் போட்டோம். இப்போது மறுபடி பழகுகிறேன். உன்னிடமிருந்து தொடங்குகிறேன்.

நீ ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். நான் தமிழ்ப் பத்திரிகையில் நிருபர். என் தங்கை கமலத்தை நீ கட்டிக்கொள்வதற்கு முன்பே நாம் கூட்டாளிகள். அதற்கும் முன்பே உன்னிடம் அந்த மோட்டார் சைக்கிள் இருந்தது. ஒற்றை சிலிண்டர் இங்கிலாந்து வண்டி. தோட்டத் துரை ஒருவர் பள்ளத்தில் விட்டுவிட்டு வேண்டாமென்று போனதை நீ எடுத்து வந்து உயிர் கொடுத்தாய். கல்யாணமாகி ஒரு வாரம் ஆகவில்லை, கமலம் அதற்குப் பெயர் வைத்துவிட்டாள். மூத்தாள்.

"என்னண்ணே, ரெண்டாந்தாரம்னு சொல்லாமலே கட்டிக் குடுத்திட்டீங்க? மூத்தாளுக்கு எண்ணெய் போட்டு, தொடச்சு, பொட்டு வைக்காத குறையா வச்சப்புறந்தான் இங்க ஒருத்தி இருக்கான்னே இவருக்கு ஞாபகம் வருது" என்றாள் என்னிடம்.

நீ ஸ்பானரை விடாமலே பதில் சொன்னாய். "மூத்தா ஒதைச்சாத்தான் கெளம்புவா. நீ ஒதைக்காமலே கெளம்பிடுறியேம்மா."

ஞாயிற்றுக்கிழமைகளில் புறப்பட்டுவிடுவோம். முதலில் கிள்ளான், பந்திங், தெலுக் பங்லிமா காராங் என்று ரப்பர் தோட்டத்துச் சாலைகளில் சுற்றினோம். உனக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது. "ரெண்டு பக்கமும் கித்தா மரம். சொரங்கத்துக்குள்ள போற மாதிரி இருக்கு. இதுல என்னா லா இருக்கு?" என்றாய். உனக்கு வேண்டியது மரமில்லாத இடம். உன் அக்கா முனியம்மா கொழுந்து பறித்த தேயிலைத் தோட்டம் கேமரன் மலையில் இருந்தது. தாப்பாவிலிருந்து மேலே ஏறி, தார்ச்சாலையை விட்டு விலகினால் தோட்டத்துச் சரளைச் சாலை. ஆண்டுக்கு ஒரு தடவையாவது நாம் போகாமல் இருந்ததில்லை.

தார் முடிந்ததும் நீ காலூன்றும் கம்பிகளின் மேல் எழுந்து நிற்பாய். முழங்கையைத் தளர விடுவாய். முன் பிரேக்கைத் தொடவே மாட்டாய். லோரிச் சக்கரம் அழுத்திய தடம் எங்கே என்று பார்த்து அதில் ஓட்டுவாய். பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு உன் முதுகும் தூசியும்தான் தெரியும். ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. சரளை சக்கரத்திலிருந்து தெறித்து விளிம்பைத் தாண்டி விழும். விழுந்த சத்தம் கேட்காது. பயமாக இருக்கிறது என்று நான் சொன்னால், "கண்ண மூடிக்க. நானும் அப்படித்தான் ஓட்டுறேன்" என்பாய்.

தேயிலைக்கு மேலே, காடு எரிந்துபோன ஒரு மொட்டை முகடு இருந்தது. லாலான் புல், காற்று, வேறொன்றும் இல்லை. நான்கு பக்கமும் மலைகள் மடிப்பு மடிப்பாகத் தெரியும். அக்கா குடியிருந்த கூலிவீட்டு வரிசைக்கு, லயத்துக்கு, போகும் முன் அங்கே கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் உனக்கு. "பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஆகாசம் ரெயில்பெட்டி ஜன்னல் அளவுதான்டா" என்றாய் ஒரு நாள். அதற்கு மேல் நீ அங்கே பேசி நான் கேட்டதில்லை.

அந்த முகட்டுக்கு முன்னால் ஓர் ஏற்றம் உண்டு. அதுதான் நம் எல்லாப் பயணங்களுக்கும் முடிவு. ஏற்றத்தின் அடியில் நான் இறங்கிவிட வேண்டும். மூட்டை முடிச்சும் என்னோடு இறங்கிவிடும். இரண்டு பேரையும் மூட்டையையும் மூத்தாள் அங்கே இழுக்கமாட்டாள். நடுவில் நிறுத்தினால் பின்சக்கரம் சரளையைத் தோண்டிக்கொண்டு புதைந்துவிடும். திரும்ப அடிவரை இறக்கித்தான் ஏற வேண்டும். ஆகவே நடுவில் நிற்பது என்பதே கிடையாது. வலது கை முடுக்கியில் இருக்க, இடது கையால் உச்சியைக் காட்டுவாய். "மேல நிக்கிறேன். ஆடி அசைஞ்சு வா மச்சான்."

லயத்தில் இருப்பவர்களுக்கு முதலில் மூத்தாளின் சத்தம் கேட்கும். பிறகு நீ வருவாய். வெகுநேரம் கழித்து, முதுகில் மூட்டையும் வாயில் மூச்சுமாக நான். முனியம்மா அக்கா சொல்வாள், "எந்தம்பி வந்தாச்சு. பத்திரிகைக்காரரு நாளைக்கி வந்து சேருவாரு. அடுப்ப அணைச்சிடாதீங்க." லயம் முழுக்கச் சிரிக்கும்.

அப்புறம் சண்டை வந்தது. கோலாலம்பூரில் குண்டு விழுந்த வாரம், கமலத்தையும் செல்வியையும் நீ மலைக்கு அனுப்பிவைத்தாய். மலையில் குண்டு விழாது, கீரையாவது கிடைக்கும் என்றாய். அன்றைக்கு அது சரியான முடிவுதான். போனவர்களைத் திரும்ப அழைத்துவர முடியாமல் போகும் என்று யாருக்குத் தெரியும்?

ஊரைப் பிடித்த ஜப்பான்காரர்கள் மோட்டார் வண்டிகளையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள். நீ மூத்தாளைத் தள்ளிக்கொண்டு போனாய். பின்னால் நானும் வந்தேன். ஜப்பான் அதிகாரியின் முன்னால் கார்ப்பரேட்டரைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இது நான் இல்லாமல் ஓடாது என்று சைகையால் காட்டினாய். அவன் வண்டியோடு உன்னையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். கையில் ஒரு பட்டை கட்டினார்கள். வழியில் படுத்துவிட்ட லோரிகளைப் பழுது பார்க்க உன்னை அனுப்பினார்கள். நம் தெருவில் ஆண்களை அள்ளிக்கொண்டுபோய் சயாமில் ரயில்பாதை போட விட்டபோது, அந்தக் கைப்பட்டைதான் உன்னைக் காப்பாற்றியது.

பெட்ரோல் கிடையாது. ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயைத்தான் ஊற்றினார்கள். கித்தா எண்ணெய் என்போம். கிள்ளான் பக்கம் ஒரு கொட்டகையில் வடித்தார்கள். வண்டி போன தெருவெல்லாம் எரிந்த செருப்பு வாடை அடிக்கும். எஞ்சின் ஒரு தடவை நின்று ஆறிவிட்டால் கார்ப்பரேட்டரில் அது பிசினாக இறுகிவிடும். பிரித்துத் துடைத்தால்தான் மறுபடி கிளம்பும். அதனால் நீ எங்கே போனாலும் வண்டியை அணைப்பதில்லை. மூத்தாளுக்குக் கோபம் வந்தால் பேசித் தீர்க்க முடியாது என்பாய்.

அவர்கள் வந்த மறு வருடம். மலையிலிருந்து காய்கறி கொண்டுவந்த லோரிக்காரர் பாசாரில் என்னைத் தேடிப் பிடித்தார்.

"அண்ணே, ஒங்க தங்கச்சி சொல்லி அனுப்பிச்சு. புள்ளைக்கு நெஞ்சில சளி கட்டி இழுக்குது. மூச்சு வாங்குறப்ப விலா உள்ள போய்ட்டு வருது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரு கைய விரிச்சிட்டாரு. சல்ஃபா மாத்திரை கெடைச்சா பாக்கலாம்னாரு. சீக்கிரம்னாரு."

மலையில் குளிர். போட்டுக்கொள்ளத் துணி கிடையாது. பிள்ளைகள் சாக்கைக் கத்தரித்து மாட்டிக்கொண்டிருந்த காலம். செல்விக்கு அப்போது ஐந்து வயது.

கிள்ளானில் ஒரு துணிக்கடை பாயிடம் மாத்திரை இருப்பதாகக் கேள்விப்பட்டு நாம் போனோம். துணியே இல்லாத துணிக்கடை. அலமாரிகள் காலி. பாய் சாக்கில் கால்சட்டை தைத்துக்கொண்டிருந்தார், கையால்.

"மாத்திரை இருக்கு தம்பி. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன், தொழுவுற வாயி. ஆனா எங்க வீட்லயும் புள்ளைங்க இருக்கு."

"என்னா வேணும் பாய்? வாய் விட்டுக் கேளுங்க" என்றாய்.

பாய் பின்னால் கையைக் காட்டினார். தையல் மெஷின்கள் வரிசையாக நின்றன. "எல்லாம் பெல்ட்டு அறுந்து கெடக்கு. இப்ப வர்ற கித்தா ஒரு வாரத்துல களியாப் போயிடுது. சண்டைக்கி முந்தின ட்யூப்பு ஒண்ணு கெடச்சா அறுத்து அறுத்து மாட்டிக்குவேன். இந்த மெஷின் ஓடினாத்தான் எங்க வீட்ல அடுப்பு." சொல்லிக்கொண்டே வாசலில் நின்ற மூத்தாளைப் பார்த்தார்.

"முன்னதா, பின்னதா?"

"பின்னதுதானே லா பெருசு."

நீ சிரித்துவிட்டாய். கடைக்குப் பக்கத்துச் சந்தில் உட்கார்ந்து பின்சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை உருவிக் கொடுத்துவிட்டு, லாலான் புல்லை அறுத்துவந்து டயருக்குள் திணித்தாய். ரிக்‌ஷாக்காரர் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார். "என்னாப்பா, மோட்டாருக்கு மாட்டுத் தீனியா?" என்றார்.

"ஆமாண்ணே. நாளையிலேர்ந்து பால் கறக்கும். செம்பு எடுத்துட்டு வாங்க" என்றாய்.

பாய்க்குத்தான் ஒரு மாதிரியாகிவிட்டது. மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து, சாக்குத் துணிக்குள் வைத்துத் தைத்து, கயிறு கோத்து, உன் கழுத்தில் அவரே மாட்டிவிட்டார். "பாத்துப் போ தம்பி. துஆ செய்றேன்" என்றார். அவர் இன்னும் இருக்கிறார் மச்சான். போன வாரம் பார்த்தேன். உன் ட்யூபில் கடைசித் துண்டு இன்னும் ஒரு மெஷினில் ஓடுகிறது.

தாப்பா வழியில் ஒரு லோரி பழுதாகி நிற்பதாகச் சொல்லி நீ அனுமதிச் சீட்டு வாங்கினாய். உதவியாள் என்று என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டாய். என் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. முதல் நாள் தாப்பாவரை. மறுநாள் காலை மலை.

புல் அடைத்த டயர் சரளையைப் பிடிக்காது. பிரேக் பிடித்தால் ஆட்டுக்கல் மாதிரி உருளாமல் சறுக்கும். ஓடிக்கொண்டே இருந்தால் சமாளிக்கலாம். "நிக்காம ஓடுற வரைக்கும் நாமதான் ராஜா" என்றாய்.

மலை அடிவாரத்தில் ஒரு காவல் சாவடி. அங்கேயும் மேடு. காவல்காரன் முன்னால் இறங்கி இடுப்பு வளைய வணங்க வேண்டும் என்பது சட்டம். நீ அந்த வழியில் பலமுறை வேலைக்கு வந்தவன். உனக்கென்று ஒரு முறை வைத்திருந்தாய். ஓட்டிக்கொண்டே தலையைக் கைப்பிடிவரை குனிவாய். இடது கையால் மேலே காட்டுவாய். சமதரைக்குப் போய் வண்டியை ஓடவிட்டபடியே கல்லை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, திரும்பி நடந்து வந்து முறைப்படி வணங்குவாய். முதல் தடவை அந்தக் காவல்காரன் உன்னை அறைந்தானாம். அடுத்த தடவை சிரித்தானாம். அன்று நான் பார்த்தபோது, நீ குனிந்ததற்கு அவனும் தலையசைத்தான்.

"இவனுங்களுக்கும் மோட்டார் தெரியும் மச்சான். ஏத்தத்துல நிக்க முடியாதுன்னு புரிஞ்சுக்குறானுங்க" என்றாய்.

நீ நினைத்தது தவறு. அவன் ஒருவனுக்குப் புரிந்திருந்தது. எல்லோருக்கும் புரியும் என்று நீ எடுத்துக்கொண்டாய். வண்டி ஓட்டுகிறவர்கள் உலகத்தில் எல்லோரையும் வண்டி ஓட்டுகிறவர்களாகவே பார்ப்பீர்களா?

அன்று வானம் சுத்தமாக இருந்தது. தார் முடிந்தது. சரளை தொடங்கியது. சாலையைப் பார்க்க ஆள் இல்லாமல் மழைநீர் நடுவில் வாய்க்கால் வெட்டியிருந்தது. தேயிலை கவாத்து இல்லாமல் ஆள் உயரம் வளர்ந்திருந்தது. நீ எழுந்து நின்று ஓட்டினாய். பிள்ளை நினைப்பில் சாலையைவிட்டுக் கண்ணெடுக்காமல் வந்தவன், முகடு கண்ணில் பட்டதும் "அதோ, அதோ" என்று கத்தினாய்.

ஏற்றத்தின் அடியில் நான் இறங்கினேன். பையை எடுத்துக்கொண்டேன். நீ கழுத்தில் கிடந்த பொட்டலத்தையும் கழற்றி என் கழுத்தில் மாட்டினாய்.

"இது எதுக்கு? நீதானே முன்னால போறே?"

"புல்லு டயருடா. வழுக்கினா நான் உருளுவேன். இது உருளக் கூடாது." பிறகு இடது கையைத் தூக்கினாய். "மேல நிக்கிறேன். ஆடி அசைஞ்சு வா."

நீ வளைவில் மறைந்தாய். அதற்குப் பிறகு நான் பார்த்தது எதுவுமில்லை. கேட்டது மட்டும்தான்.

இரண்டாம் கியரில் மூத்தாள் ஏறும் சத்தம். "கொரா!" என்று ஜப்பான் மொழியில் ஓர் அதட்டல், நம் 'டேய்' மாதிரி. மறுபடியும் "கொரா!" எஞ்சின் சத்தம் குறையவில்லை. பிறகு ஒரு வெடி. ஒன்றுதான். எஞ்சின் உடனே அடங்கவில்லை. சக்கரம் தரையைத் தொடாமல் சுழலும்போது வரும் இரைச்சல் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு இருமிவிட்டு நின்றது.

அந்த ஏற்றத்தில் காவல் சாவடியே இருந்ததில்லை. காட்டுக்குள் இருந்துகொண்டு ஜப்பான்காரனோடு சண்டை போட்டவர்களைத் தேட அந்த மாதம்தான் வைத்திருக்கிறார்கள்.

நான் உன்னிடம் வரவில்லை மச்சான். பொட்டலம் என் கழுத்தில் இருந்தது. சாலையை விட்டு விலகித் தேயிலைக்குள் இறங்கினேன். இதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நான் திரும்பி உன்னிடம் ஓடி வந்திருந்தால் நீதான் என்னை மன்னித்திருக்கமாட்டாய்.

தேயிலை ஒளித்தது. முகடு ஒளிக்கவில்லை. லயத்துக்குப் போக வேண்டுமானால் அந்த மொட்டை மேட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஆள் தெரியும் இடம் அது. நீ ஆகாசம் பார்க்க உட்காரும் இடத்தை நான் வயிற்றால் ஊர்ந்து கடந்தேன்.

கமலம் லயத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தோளில் சாக்கு. என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் இருந்த பாதையைப் பார்த்தாள்.

"மூத்தாள் சத்தம் கேக்கலையேண்ணே."

நான் பொட்டலத்தைக் கழற்றிக் கொடுத்தேன். என் முழங்காலில் இருந்த மண்ணை அவள் பார்த்தாள். எப்போதும் வண்டி முன்னால் வரும், நான் பின்னால் வருவேன். அது அவளுக்குத் தெரியாதா?  "தண்ணி சுட வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பாய் போட்ட தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள்.

பிள்ளைக்கு முதல் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்து முடிக்கும்போது முனியம்மா அக்கா கூடையோடு உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். கமலத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அழுவாத. வாயத் தொறக்காத. அவன் யாரத் தேடி வந்தான்னு கேட்டுக்கிட்டு வரானுங்க. காட்டுக்காரனுக்குச் சேதி கொண்டு வந்தவன்னு நெனைக்கிறானுங்க. சொந்தம்னு தெரிஞ்சா ஒன்னயும் புள்ளையையும் விடமாட்டானுங்க. பொட்டு நெத்தியிலயே இருக்கட்டும். தாலி கழுத்துலயே இருக்கட்டும். கேக்குதா?"

கமலம் கேட்டது என்று தலையை ஆட்டினாள்.

அந்த லயத்தில் உன்னைத் தெரியாத ஆள் கிடையாது. உன்னோடு சீட்டாடியவர்கள், உன் வண்டியில் ஏறிப் பார்த்தவர்கள், உன் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள். எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கேட்டார்கள். அடித்தும் கேட்டார்கள். எல்லோரும் தெரியாது என்றார்கள். ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. இங்கே பிரிக்ஃபீல்ட்ஸில் உன் வீட்டைத் தேடி வந்தபோது, பெண்டாட்டி பிள்ளை சண்டைக்கு முன்பே இந்தியாவுக்குப் போய்விட்டார்கள் என்று அக்கம்பக்கத்தார் சொல்லியிருக்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதில்லை.

உன்னை எடுக்கவிடவில்லை. பாடமாக இருக்கட்டும் என்று ஏற்றத்திலேயே போட்டு வைத்தார்கள். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். காவல்காரனை வணங்கிவிட்டு, உன்னைக் கடந்து போக வேண்டும். ஒருத்தி மட்டும் வேலைக்கு வராமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் கமலமும் போனாள். கூடையை மாட்டிக்கொண்டு, குனிந்து வணங்கி, உன்னைக் கடந்து போனாள். மாலையில் அதே வழியாகத் திரும்பி வந்தாள். எத்தனை நாள் என்று நான் எழுதப்போவதில்லை. அது அவளுடைய கணக்கு.

நாற்றம் தாங்காமல் கடைசியில் அவர்களே புதைக்கச் சொன்னார்கள். முனியம்மா அக்காவும் இன்னும் சிலரும், விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, சாலையோரம், தேயிலைக்குக் களை கொத்துகிற மண்வெட்டியால் தோண்டினார்கள். அக்கா உனக்கு ஒரு பிடி மண் போட்டாள். அழவில்லை. காவல்காரன் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது சொல்கிறேன். மாத்திரை போய்ச் சேர்ந்தது மச்சான். நீ அங்கே கிடந்த நாட்களில்தான் செல்விக்குக் காய்ச்சல் இறங்கியது. விலா உள்ளே போவது நின்றது. கஞ்சி கேட்டாள். பிள்ளை பிழைத்துவிட்டாள்.

கண்ணைத் திறந்து நிதானமாகப் பேசிய முதல் நாள், "அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டாள். "லோரி ரிப்பேரு. முடிச்சிட்டு வருவாரு" என்றாள் கமலம். குழந்தை வெளியே போய் யாரிடமாவது சொல்லிவிட்டால்? ஆகவே குழந்தைக்கும் தெரியக் கூடாது.

நான் முதல் நாள் இரவே காய்கறி லோரியில் முள்ளங்கி மூட்டைகளுக்கு நடுவே இறங்கி வந்துவிட்டேன்; அதன் பிறகு அங்கே நடந்ததெல்லாம் கேட்டதுதான். கமலம் அங்கேயே இருந்தாள். குங்குமம் கிடைக்காத காலம். ஒவ்வொரு காலையும் சட்டிக் கரியை எண்ணெயில் குழைத்து நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டாள். தாலிக் கயிறு இற்றுப்போனபோது சணல் திரித்து மாற்றிக்கொண்டாள். உன் சாவை மறைக்க உன் பெண்டாட்டி ஒரு நாள் தவறாமல் சுமங்கலியாக நின்றாள். எத்தனையோ கொடுமைகளை நான் எழுதியிருக்கிறேன், எழுதமுடியாமலும் விட்டிருக்கிறேன். இதை நடந்தபடியே எழுதுகிறேன்.

இந்த வருடம் ஜப்பான்காரன் சரணடைந்துவிட்டான். சேதி கொண்டுபோன லோரியில் நானும் ஏறிக்கொண்டேன். இனி எழுதுவது நான் கண்ணால் கண்டது. லயத்தில் தகரத்தைத் தட்டினார்கள். யாரோ ஒளித்து வைத்திருந்த கொடியைக் கம்பில் கட்டினார்கள். கிழவர்கள் ஆடினார்கள். கமலம் கூடையை இறக்கி வைத்தாள். குழாயடிக்குப் போனாள். தண்ணீரை அள்ளி நெற்றியைத் தேய்த்தாள். கரிப் பொட்டு லேசில் போகவில்லை. மறுபடி மறுபடி தேய்த்தாள். தாலியைக் கழற்றி முனியம்மா அக்காவின் கையில் கொடுத்தாள். அப்புறம்தான் மச்சான், அந்த அழுகை வந்தது. தகரச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

ஊரே சிரிக்கிறபோது அம்மா ஏன் அழுகிறாள் என்று செல்வி பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. அப்படித்தான் தெரிந்துகொண்டாள்.

அன்றுதான் அக்காவும் வாய் திறந்தாள். உன்னைக் கடைசியாகப் பார்த்தவள் அவள். மேல் வரிசையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் சொன்னதை அவள் வாயாலேயே எழுதுகிறேன்.

"வண்டிச் சத்தம் கேட்டதும் தம்பின்னு தெரிஞ்சிடுச்சு. நிமிந்து பாத்தேன். சாவடிக்காரன் கைய நீட்டினான், நில்லுன்னு. தம்பி நிக்கல. ஓட்டிக்கிட்டே தலையக் குனிஞ்சான். நல்லாத்தான் குனிஞ்சான். அப்புறம் எடது கையத் தூக்கி மேல காட்டினான். எனக்குத்தான் கையக் காட்டுறான்னு நெனச்சு நானும் இங்கேர்ந்து கையக் காட்டினேன்."

சொன்னவள் அந்தக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். 

இப்போது மூன்று பேரும் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறோம். சயாமுக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வருகிறார்கள். தெருவே ஸ்டேஷனுக்கு ஓடிப் பார்க்கிறது. நம் வரிசையில் பல வீடுகள் இன்னும் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. மூத்தாள் எங்கே போனாள் என்று தெரியவில்லை. ஜப்பான்காரன் குவித்துப் போட்டுவிட்டுப் போன வண்டிகளிடையே தேடினேன். கிடைக்கவில்லை. கமலத்திடம் சொன்னேன். "அவ அவரோடயே போயிட்டா" என்றாள். கோபமா, பொறாமையா, எனக்குத் தெரியவில்லை.

செல்விக்கு வயது எட்டு. உன் நெற்றி. உன்னைப் போலவே குறுக்குக் கேள்வி. போன ஞாயிறு என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, அப்பா ஏன் நிக்கல?"

"ஏத்தத்துல நின்னா சறுக்கும்மா. புல்லு டயரு."

"சறுக்கினா என்னா மாமா? கீழ விழுந்து எழுந்திருக்கலாந்தானே?"

அவள் கேட்டதை உன்னிடமே கேட்கிறேன்.  விழுந்து எழுந்து, பிசின் இறுகிய கார்ப்பரேட்டரைத் துடைத்து, அடிவரை தள்ளிக்கொண்டு போய் மறுபடி ஏறும் நேரத்தில் பிள்ளை போய்விடுவாள் என்று நினைத்தாயா? அல்லது எதையும் நினைக்கவில்லையா? ஏற்றம் வந்தது, கை தானாக உயர்ந்தது, அவ்வளவுதானா? மாத்திரை என்னிடம் இருந்ததே மச்சான். நான் எப்படியும் நடந்துதானே வந்திருப்பேன்.

ஒன்று மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. எந்த ஏற்றத்திலும் நடுவில் நிற்காதவனை, அந்த ஏற்றத்தின் நடுவிலேயே படுக்க வைத்திருக்கிறோம். தேயிலைக்கும் சாலைக்கும் இடையில், ஆகாசம் தெரியாத ஒரு வளைவில். அது உன் இடம் இல்லை.

மழை விட்டதும் நாங்கள் வருகிறோம். கமலம் வருவாள், செல்வி வருவாள். அக்கா மண்வெட்டியோடு காத்திருப்பாள். லோரியை ஏற்றத்தின் அடியிலேயே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அங்கே இறங்கி, நீ இருக்கும் வளைவுவரை நடப்போம். உன்னை எடுத்து, என் வேட்டியில் முடிந்து, அந்த மொட்டை முகட்டுக்குக் கொண்டுபோய் வைக்கப்போகிறேன். மேலே நிற்கிறேன் என்று சொன்னாய். உன்னால் போக முடியவில்லை. மீதி ஏற்றத்தை நான் நடக்கிறேன். ஆடி அசைந்துதான் வருவேன், தெரியுமே உனக்கு. ஆனால் வந்துவிடுவேன்.

எப்போதும் போல மூட்டை சுமந்து பின்னால் நடந்து வரும்,
உன் மச்சான்,
கமலத்தின் அண்ணன்,
செல்வியின் மாமன்.